நல்லது நடக்க யார் விலை கொடுப்பது?

ஆறு சுத்தமாக இருக்க வேண்டும், காடு அழியக் கூடாது, குடிக்கிற தண்ணீரில் உப்பு ஏறக் கூடாது. இதெல்லாம் வேண்டாம் என்று சொல்கிற ஒரு மனிதரை நான் இதுவரை சந்தித்ததில்லை. சாயப்பட்டறை நடத்துகிறவரும் இதையேதான் சொல்வார். ஆகவே சுற்றுச்சூழலைக் காப்பது நல்லதா கெட்டதா என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. சண்டை அடுத்த படியில் இருக்கிறது. அந்த நல்லது நடப்பதற்கான விலையை யார் கொடுப்பது? இந்த இடத்துக்கு வந்ததும் பேச்சு பெரும்பாலும் நின்றுவிடும், இல்லையென்றால் வேறு பக்கம் திரும்பிவிடும்.

நான் இருப்பது அவிநாசிபாளையம். பேரைக் கேட்டதும் பலரும் அவிநாசி என்று நினைத்துக்கொள்வார்கள். அது திருப்பூருக்கு வடக்கே. எங்கள் ஊர் தெற்கே, தாராபுரம் போகும் சாலையைக் கோவை–திருச்சி சாலை குறுக்கே வெட்டுகிற இடம். வானம் பார்த்த மேட்டு நிலம். காலையில் கம்பெனி வண்டிகள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு திருப்பூர் போகும், ராத்திரி கொண்டுவந்து இறக்கிவிடும். சுற்றுவட்டாரத்தில் பனியன் கம்பெனிச் சம்பளம் ஏதோ ஒரு வகையில் வந்து சேராத வீடு குறைவு. இங்கே இருந்துகொண்டு சுற்றுச்சூழல் பற்றிப் பேசுவது கொஞ்சம் சங்கடமான காரியம். நம் சோற்றைப் பற்றியே நாம் புகார் சொல்வது போலத் தோன்றும்.

மரம் நடுவதில் மட்டும் இந்தச் சங்கடம் வராது. 2015இல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' இயக்கம் மாவட்டம் முழுக்க லட்சக்கணக்கில் கன்றுகள் நட்டிருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். நட்டதோடு விடாமல் சொட்டுநீர் போட்டு வளர்த்த தோப்புகளைப் பார்த்திருக்கிறேன். கம்பெனி முதலாளி, அதிகாரி, கட்சிக்காரர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே குழியைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்ள முடிவது மரம் நடும்போது மட்டும்தான். ஏனென்றால் அதன் விலை சின்னது, அதைக் கொடுக்க மனமுள்ளவர் கொடுக்கிறார், வேறு யார் பையிலிருந்தும் எதுவும் போவதில்லை. எங்கள் தெருவில் டெய்லர் வேலைக்குப் போகும் ஒரு அக்கா ஒருமுறை என்னிடம் சொன்னார்: "மரம் வெக்கறது நல்லதுதான் கண்ணு. யாரு வேண்டாம்ங்கறா? ஆனா ஆத்துத் தண்ணிய நல்லாக்கறேன்னு ஆரம்பிச்சாங்கன்னா மொதல்ல எங்க வேலைதான் போகுது. அதையும் சேத்தி யோசிங்க."

அவர் சொன்னது 2011ஐ. அந்த ஆண்டு ஜனவரி 28ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவை ஆலைகள் அனைத்தையும் மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத நிலை வந்த பிறகே திறக்க வேண்டும் என்று உத்தரவு. நூற்றுக்கணக்கான பட்டறைகள் நின்றன. நின்றது சாயம் மட்டுமில்லை. துணி சாயத்துக்குப் போய்த் திரும்பி வந்தால்தான் கட்டிங், கட்டிங் நடந்தால்தான் டெய்லருக்கு வேலை, அதற்குப் பிறகுதான் செக்கிங்கும் அயர்னிங்கும் பேக்கிங்கும். ஒன்றரை ஷிப்ட் பார்த்தவர்கள் அரை ஷிப்டுக்கு வந்தார்கள். பலர் ஊரைப் பார்த்துப் போனார்கள். பெரிய கம்பெனிகள் துணியை வெளியூர் அனுப்பிச் சாயம் போட்டு வாங்கிச் சமாளித்தன. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். சனிக்கிழமை ராத்திரி மளிகைக் கடையில் கூட்டம் குறைந்தது எனக்கு நினைவிருக்கிறது.

அப்படியானால் உத்தரவு தப்பா? தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் சேர்கிற நொய்யலின் கீழ்ப்பகுதியில் இருந்தவர்கள் அதற்கு இருபது வருடம் முன்பிருந்தே விலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. அணையைத் திறந்துவிடுங்கள் என்று கேட்க வேண்டிய விவசாயிகள், திறந்துவிடாதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. கிணறுகள் உப்பாகின. நீதிமன்ற ஆணையின்படி அமைந்த சூழல் இழப்பீட்டு ஆணையம் 2004இல் பாதிக்கப்பட்டவர்கள் என்று கணக்கிட்டது 28,000க்கும் மேற்பட்ட விவசாயிகளை. அவர்களுக்கு என்று சொன்ன தொகை சுமார் 25 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள், தலைக்கு ஒன்பதாயிரம்கூட வராது. ஒரு கிணறு கெட்டுப்போனதற்கு, தென்னை காய்ந்ததற்கு, மகன் விவசாயத்தை விட்டதற்கு எல்லாம் சேர்த்து அவ்வளவுதான்.

ஆக முதல் இருபது வருடம் கீழ்மடை விவசாயி கொடுத்தார். பிறகு கூலிக்காரர் கொடுத்தார். திருப்பூர் பனியனை மலிவாக வாங்கி எங்கோ ஒரு நாட்டில் போட்டுக்கொண்ட ஆள் எதுவும் கொடுக்கவில்லை. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு இரண்டு பெண்களின் வாழ்க்கையைப் படித்தபோது, நான் அதுவரை கவனிக்காத சில விஷயங்கள் கண்ணில் பட்டன. ஒருவர் கீழத்தஞ்சையில் வேலை செய்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். இன்னொருவர் கென்யாவின் வங்காரி மாத்தாய்.

கிருஷ்ணம்மாள் 1926இல் இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். அம்மா கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். மதுரையில் கல்லூரிவரை படித்தார். காந்திகிராமத்தைத் தொடங்கிய டாக்டர் சௌந்தரம் அவருக்கு ஆதரவாக இருந்தார். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்ற சங்கரலிங்கம் ஜெகந்நாதனை 1950இல் மணந்துகொண்டார். நாடு விடுதலை அடைந்த பிறகுதான் திருமணம் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவர் வசதியான வீட்டுப் பிள்ளை, இவர் கூலிக்காரர் மகள். இந்தச் சாதி மீறலே அந்தக் காலத்தில் ஒரு போராட்டம்.

இருவரும் வினோபா பாவேயின் பூதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்தார்கள். நிலம் வைத்திருப்பவரிடம் போய், உங்களுக்கு ஐந்து பிள்ளைகள் என்றால் ஆறாவது பிள்ளையாக ஏழையை நினைத்துக்கொண்டு ஒரு பங்கு கொடுங்கள் என்று கேட்பது பூதானம். மரம் நடுவது போல இதிலும் யாருக்கும் சங்கடம் இல்லை. கொடுக்க மனமிருப்பவர் கொடுத்தார். அதனாலேயே அதன் எல்லையும் சீக்கிரம் தெரிந்துவிட்டது. நாடு முழுக்க இப்படி வந்த நிலத்தில் கணிசமான பகுதி எதற்கும் உதவாத கரம்பு, இன்னும் கொஞ்சம் வழக்கில் கிடந்தது, கொஞ்சம் காகிதத்தில் மட்டுமே கைமாறியது. வலிக்காத அளவுக்குக் கொடுத்ததால் பல இடங்களில் வாழ்க்கையும் மாறவில்லை.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் பின்னால் விடுவித்தது. கிருஷ்ணம்மாள் அங்கே போனார், அந்த வட்டாரத்திலேயே தங்கிவிட்டார். துக்கம் விசாரிக்கப் போனவர்கள் பலர். தங்கியவர்கள் குறைவு. தங்கிப் பார்த்தபோது அவருக்குப் புரிந்தது, நிலம் இல்லாதவரிடம் கூலியைப் பற்றி மட்டும் பேசி முடிக்க முடியாது என்பது. 1981இல் கணவரோடு சேர்ந்து லாப்டி என்கிற அமைப்பைத் தொடங்கினார். உழுபவரின் நில விடுதலைக்கான அமைப்பு என்று அதன் பெயரைச் சொல்லலாம்.

லாப்டி செய்தது ரொம்பச் சாதாரணமான வேலை. நிலம் விற்கத் தயாராக இருக்கும் மிராசுதாரிடம் விலை பேசுவது, வங்கியில் கடன் வாங்குவது, நிலத்தைப் பெண்கள் பேரில் பதிவது, விளைச்சலிலிருந்து கடனைத் திருப்புவது. பேச்சுக்கு வராத இடத்தில் சத்தியாகிரகம். இப்படிச் சுமார் 13,000 ஏக்கர் கைமாறியது. இதில் ஆவேசமான காட்சிகள் அதிகம் இல்லை. வங்கிக்கும் பத்திர ஆபீசுக்கும் நடக்கிற நடைதான் நிறைய. ஆனால் இந்த நடையில் ஒரு நீதி இருக்கிறது. நிலம் கொடுப்பவருக்கும் விலை கிடைத்தது, வாங்குபவருக்கும் கடனைக் கட்ட விளைச்சல் இருந்தது. யார் தலையில் எவ்வளவு பாரம் என்பதை முன்கூட்டியே உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

1990களின் தொடக்கத்தில் நாகப்பட்டினம் கடற்கரையோரம் இறால் பண்ணைகள் வந்தன. நெல் விளைந்த நிலத்தைக் கம்பெனிகள் வாங்கிக் குளமாக்கிக் கடல்நீரை நிரப்பின. பக்கத்து வயலில் உப்பு ஏறியது, ஊர்க் குடிநீர் கெட்டது. நெல் வயலில் பத்துப் பேருக்கு வேலை இருந்த இடத்தில் இறால் குளத்துக்கு ஒருவரோ இருவரோ போதும். கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் மக்களைத் திரட்டிப் போராடினார்கள். அடியாட்களையும் வழக்குகளையும் சந்தித்தார்கள். ஜெகந்நாதன் பேரில் உச்ச நீதிமன்றத்தில் போட்ட மனுவின் மீது 1996 டிசம்பர் 11ஆம் தேதி தீர்ப்பு வந்தது. நீதிமன்றத்தின் முன் நீரி என்கிற மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு கணக்கை வைத்தது. தமிழ்நாட்டில் இறால் பண்ணைகளால் வருடத்துக்கு வருவாய் 280 கோடி ரூபாய், அவற்றால் ஏற்பட்ட சேதம் 423 கோடி. வருவாய் ஒரு சிலர் கைக்குப் போனது, சேதம் ஊருக்கு வந்தது.

கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதியில் உள்ள இறால் பண்ணைகளை, பாரம்பரிய முறையில் நடப்பவை தவிர, அகற்றச் சொன்னது தீர்ப்பு. மாசுபடுத்தியவர் இழப்பீடு தர வேண்டும் என்றது. இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. இன்னொரு பத்தி அதில் உண்டு. மூடப்படும் பண்ணைகளில் வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர்களுக்குச் சட்டப்படியான இழப்பீடு போக, கூடுதலாக ஆறு வருடச் சம்பளம் தர வேண்டும் என்றது நீதிமன்றம். முதல்முறை இதைப் படித்தபோது நான் இரண்டு தடவை சரிபார்த்தேன். ஆறு வருடம்! கடலோரத்தைக் காப்பாற்றும் செலவைப் பண்ணையில் வலை இழுத்தவன் தலையில் கட்டக் கூடாது என்று ஒரு நீதிமன்றம் எழுதி வைத்திருக்கிறது. திருப்பூர் நின்ற நாட்களின் கூலி பற்றி ஊரில் யாரும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அந்தத் தீர்ப்பு எழுதியபடி நிறைவேறிவிடவில்லை. மறு ஆய்வு மனுக்கள், சட்டத் திருத்த முயற்சிகள் என்று இழுத்து, கடைசியில் 2005இல் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து பண்ணைகளுக்கு அனுமதி வழி உண்டாக்கியது. ஆனாலும் நிறைவேறாத ஒரு நியாயமும் நமக்கு அளவுகோலாகப் பயன்படும். இப்படியும் கேட்கலாம் என்று அது காட்டிவிட்டது.

வங்காரி மாத்தாயின் வாழ்க்கையில் இதே கேள்விக்கு வேறு விடை இருக்கிறது. 1940இல் கென்யாவின் நியேரி வட்டாரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அமெரிக்காவில் உயிரியல் படித்து, 1971இல் நைரோபியில் முனைவர் பட்டம் வாங்கினார். கிழக்கு, மத்திய ஆப்பிரிக்காவில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண். தேசிய மகளிர் அமைப்பில் வேலை செய்தபோது கிராமத்துப் பெண்கள் சொன்ன குறைகள் ஒன்றுதான்: விறகு இல்லை, தண்ணீர் தூரமாகிவிட்டது, மாட்டுக்குத் தீவனம் இல்லை. மூன்றுக்கும் அடியில் மரம் வெட்டப்பட்டது இருந்தது. 1977 ஜூன் 5ஆம் தேதி ஏழு கன்றுகளோடு பசுமை வளைய இயக்கம் தொடங்கியது. அந்தப் பெண்களே நாற்று வளர்த்தார்கள். பிழைத்த ஒவ்வொரு கன்றுக்கும் அவர்களுக்குச் சிறு தொகை கொடுத்தார், அமெரிக்கக் கணக்கில் நான்கு சென்ட். சின்னக் காசுதான். ஆனால் பூமியைக் காப்பாற்றுவது உன் கடமை என்று ஏழைப் பெண்ணிடம் உபதேசம் செய்வதற்கும், இது வேலை, இதற்குக் கூலி உண்டு என்று சொல்வதற்கும் எவ்வளவோ தூரம். 2004இல் அவருக்கு அமைதிக்கான நோபல் கிடைத்தபோது மரங்கள் 3 கோடியைத் தாண்டியிருந்தன.

மரம் நட்டவரை ஆட்சிக்கு அவரால் தொந்தரவு இல்லை. இந்த நிலம் யாருடையது என்று கேட்டபோதுதான் தொந்தரவு தொடங்கியது. 1989இல் நைரோபியின் உகுரு பூங்காவில் அறுபது மாடிக் கட்டடம் கட்ட ஆளுங்கட்சி முடிவு செய்ததை எதிர்த்தார். நாடாளுமன்றத்தில் அவரை விவாகரத்தானவள் என்று கேலி செய்தார்கள், இயக்கத்தின் அலுவலகத்தைக் காலி செய்ய வைத்தார்கள். முதலீட்டாளர்கள் பின்வாங்க, கட்டடம் நின்றது. 1992இல் அரசியல் கைதிகளின் தாய்மாரோடு உண்ணாவிரதம் இருந்தபோது போலீஸ் அடித்ததில் நினைவிழந்தார். 1999இல் கருரா காட்டை ரியல் எஸ்டேட்டுக்குப் பிரித்துக் கொடுத்ததை எதிர்த்துக் கன்று நடப்போனபோது மண்டை உடைந்தது. அதற்கெல்லாம் முன்பே, 1982இல், தேர்தலில் நிற்பதற்காகப் பல்கலைக்கழக வேலையை விட்டார். போட்டியிடவும் விடவில்லை, வேலையும் திரும்பக் கிடைக்கவில்லை, குடியிருந்த வீடும் போனது.

இந்தப் பகுதியைத்தான் நாம் ரொம்ப ரசித்துப் படிக்கிறோம். உடைந்த மண்டை, சிறை, இழந்த வேலை. என் தலைமுறைக்கு இன்ஸ்டாகிராமில் வரும் மாத்தாய் இந்த மாத்தாய்தான். எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. தலைவர் தன் மேல் விலையை ஏற்றுக்கொள்வது பெரிய விஷயம். ஆனால் அவர் ரத்தம் சிந்தியதால் வேலை போனவன் வீட்டு வாடகை கட்டப்பட்டுவிடாது. தியாகம் தலைவருக்கு நம்மிடம் மரியாதை சம்பாதித்துக் கொடுக்கும். மற்றவர்களையும் இழக்கச் சொல்கிற உரிமையை அது தானாகக் கொடுத்துவிடுமா? கொடுக்காது என்றே நினைக்கிறேன். நான் சாப்பிடவில்லை, நீயும் சாப்பிடாதே என்பது நியாயம் ஆகாது. எனக்குச் சாப்பிடாமல் இருக்கத் தெரியும், உனக்குச் சாப்பாட்டுக்கு வழி செய்துவிட்டு வருகிறேன் என்பதுதான் நியாயம். நான்கு சென்டும் பெண்கள் பேரில் பதிந்த பத்திரமும் அந்த வழி. அவை புகைப்படத்தில் வராது.

அதிகாரத்துக்கு வந்த பிறகு மாத்தாய்க்கும் இந்தக் கேள்வி சுலபமாக இல்லை. 2002 தேர்தலில் 98 சதவீத வாக்கு வாங்கி நாடாளுமன்றம் போனார், அடுத்த ஆண்டு சுற்றுச்சூழல் துணை அமைச்சரானார். அங்கே 'ஷம்பா' என்றொரு முறை இருந்தது. ஏழை விவசாயிகள் வனத்துறை நிலத்தில் மரக்கன்றுகளுக்கு இடையே பயிர் வைத்துக்கொள்ளலாம், பதிலுக்குக் கன்றுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இது இயற்கைக் காட்டையும் நீர்ப்பிடிப்பையும் அழிக்கிறது என்று மாத்தாய் உறுதியாக எதிர்த்தார். காட்டின் பக்கம் நின்று பார்த்தால் அவர் சொன்னதில் காரணம் இருந்தது. காட்டுக்குள் சோளமும் உருளையும் விளைவித்த குடும்பத்தின் பக்கம் நின்று பார்த்தால் சோறு போனது. ஏழைப் பெண்களுக்கு நாற்றுக்குக் காசு கொடுத்தவருக்கே இப்படி ஒரு சங்கடம் வந்ததென்றால், இது யாரையும் விடாத கேள்வி என்று புரிகிறது. 2007 தேர்தலில் அவர் தோற்றார். 2011 செப்டம்பர் 25இல் இறந்தார். தனக்காக ஒரு மரத்தை வெட்டிப் பெட்டி செய்யக் கூடாது என்று சொல்லியிருந்ததால் மூங்கிலும் ஆகாயத்தாமரையும் கோரையும் கொண்டு பின்னிய பெட்டியில் கொண்டுபோனார்கள்.

கிருஷ்ணம்மாள் தேர்தல் பக்கம் போகவில்லை. மாத்தாய் போனார். எது சரி என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. வெளியே இருப்பவர் கேட்கலாம், கொடுக்க முடியாது. உள்ளே இருப்பவர் கொடுக்கலாம், ஆனால் யாரிடமிருந்தாவது எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். மாற்று நோபல் என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது மாத்தாய்க்கு 1984இலும் ஜெகந்நாதன் தம்பதிக்கு 2008இலும் கிடைத்தது. அந்த விருதின் பெயரிலேயே பிழைப்பு என்ற சொல் இருக்கிறது. நியாயமான பிழைப்பு.

இதையெல்லாம் திருப்பூருக்குக் கொண்டுவந்து பொருத்தினால் என்ன கிடைக்கிறது? ஆற்றை விடுங்கள், வேலையைப் பாருங்கள் என்பது கிடைக்காது. அந்த வாதம் கீழ்மடை விவசாயியிடம் செல்லாது. ஆற்றை மட்டும் பாருங்கள் என்பதும் கிடைக்காது. 2011க்குப் பிறகு கழிவை வெளியே விடாத சுத்திகரிப்பு வந்தது, அதற்கு அரசு வட்டியில்லாக் கடனும் கொடுத்தது. உப்பைப் பிரித்துத் தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். முடியாது என்று வருடக்கணக்காகச் சொல்லப்பட்ட ஒன்று மூடிய பிறகு முடிந்தது. அப்படியென்றால் முதலிலேயே முடிந்திருக்கும். அந்தச் செலவைத் துணி விலையில் சேர்த்து வாங்குகிறவரிடம் கேட்கத் தயங்கிய வருடங்களுக்குத்தான் விவசாயியும் தொழிலாளியும் மாறி மாறி விலை கொடுத்தார்கள். ஆறும் வேலையும் எதிரெதிர் என்று அவர்கள் இருவரையும் மோதவிட்டதில் லாபம் மூன்றாவது ஆளுக்கு.

அதனால் இனி எங்கள் பக்கம் யாராவது தண்ணீருக்காக, நிலத்துக்காக, காற்றுக்காகக் கிளம்பினால், அவர் எத்தனை முறை சிறை போனார் என்று நான் முதலில் கேட்க மாட்டேன். வேலை நிற்கும் வாரங்களுக்குக் கூலி எங்கிருந்து வரும், யார் தருவார், அதைக் கோரிக்கைப் பட்டியலில் எத்தனாவது இடத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்பேன். அது கடைசி வரியில் இருந்தாலும் பரவாயில்லை. இல்லவே இல்லை என்றால், அந்தப் போராட்டத்தின் செலவு யார் பேரில் எழுதப்படும் என்று எனக்குத் தெரியும். கம்பெனி வண்டியில் காலையில் ஏறுகிறவர்களுக்கும் தெரியும்.